மெல்லினம் எழும்பவில்லை

ஏப்ரல் 7, திங்கள்

எங்கள் அறைக்கு ஏசி வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை மாட்டியிருக்கிறார்கள். புதியது அல்ல. முகப்பில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் காய்ந்து கிடக்கிறது. ஓரத்தில் கட்டைவிரல் அகலத்தில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர். எங்காவது பழைய சாமான் கடையில் பிடித்திருப்பார்கள். குளிர்கிறது, அது போதும்.

இது தானாக வரவில்லை. போன மாதம் கடிதம் எழுதி, வாடிக்கையாளர் சேவையில் என்னையும் சேர்த்து எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கியவன் நான். 'நாள் முழுவதும் திட்டு வாங்குகிறவர்களுக்குக் குளிர்ந்த காற்று சலுகை அல்ல, உரிமை' என்று எழுதியிருந்தேன். கோகுல் மட்டும் கையெழுத்துப் போட நாலைந்து நாள் இழுத்தான். ஹரி வருத்தப்படுவாராம்.

ஹரி முதலாளி. அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது கம்பெனியின் கொள்கை. எல்லோரும் ஒரே குடும்பம், மேல் கீழ் கிடையாது. கீழ்த்தளத்தில் வேலை செய்யும் பெண்கள் மட்டும் சார் என்கிறார்கள். கொள்கையை யாரும் கீழே போய்ச் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

பதினெட்டில் வைத்தேன். யாரும் மாற்றவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

துணி துவைத்தேன். தண்ணீர் கேன் சொன்னேன், வரவில்லை. பட்டரவாக்கத்தில் நான் இருப்பது மொட்டை மாடியில் தகரம் போட்ட அறை. மதியம் சட்டை ஹேங்கரைத் தொட்டால் சுடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது என்பதை நினைத்தால் முதல்முறையாக வருத்தமாக இருக்கிறது.

அம்மா அரக்கோணத்திலிருந்து போன் செய்தாள். அந்தக் கம்பெனியில் என்னதான்டா செய்றீங்க என்றாள். கீபோர்டு என்றேன். அது கம்ப்யூட்டரோடயே வருமே என்றாள். அதைத் தனியாக, ஒரு கம்ப்யூட்டர் விலைக்கு விற்கிறோம் என்றேன். யாரு வாங்குவா என்றாள்.

வாங்குகிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு சின்னத் தண்டு. அழுத்தும்போது 'டக்' என்று கேட்பது எங்கள் வல்லினம். பாதி வழியில் லேசாகத் தட்டுப்படுவது இடையினம். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கி ஏறுவது மெல்லினம். பெயர் வைத்தவர் ஹரி. பெயருக்காகவே வெளிநாட்டுத் தமிழர்கள் வாங்குகிறார்கள்.

மெல்லினம்தான் அதிகம் போகிறது. அதன் தண்டுக்குக் கீழ்த்தளத்துப் பெண்கள் சின்னத் தூரிகையால் கிரீஸ் பூசுகிறார்கள். பெட்டியின் மேல் 'கையால் பூசப்பட்டது' என்று பொன் எழுத்தில் இருக்கிறது. யாருடைய கை என்று இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மெல்லினத்தைப் பற்றி முதல் புகார். திருவான்மியூர்க்காரர், மென்பொருள் வேலை.

"ப்ரோ, ஸ்பேஸ் பார அழுத்துனா கீழ போவுது ப்ரோ. போயி, அங்க ஒரு டீ சாப்ட்டுட்டு மெதுவா மேல வருது."

"கீ உடைஞ்சிருக்கா சார்?"

"உடையல ப்ரோ. சோம்பேறியா இருக்கு. நான் காசு குடுத்து வாங்குனதே அது வேகமா இருக்கும்னுதான். சோம்பேறியா இருக்கத்தான் எங்க டீம்ல ஆள் இருக்கே."

திருப்பி அனுப்பச் சொன்னேன். மனதுக்குள், ஒரு கீ அரை விநாடி தாமதமாக எழும்புவது ஒருவனின் பெரிய கஷ்டமாக இருக்கக்கூடிய வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யோசித்தேன். மதியம் தயிர்சாதம்.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்றும் மெல்லினம், மெல்லினம். பக்கத்து இருக்கை நஸ்ரீன் ஒரு மின்னஞ்சலை உரக்கப் படித்தாள். "உங்கள் சுவிட்ச் எனக்கு என் திருமணத்தை நினைவூட்டுகிறது. அழுத்தினால் போகிறது, திரும்பி வருவதில்லை."

"இவருக்கு என்னடா பதில் எழுத?"

"வாரண்டி ஒரு வருஷம்தான்னு எழுது."

கோகுல் சிரிக்கவில்லை. ஹரிக்கு இது தெரியுமா என்று கேட்டான். அவன் பூனை குட்டி போட்டாலும் ஹரிக்குத் தெரியுமா என்று கேட்பான். நாங்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் பக்தர்.

மே 2, வெள்ளி

திரும்பி வந்த கீபோர்டுகளை எடுத்துக்கொண்டு கீழே கிரீஸ் அறைக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடத்தில் அங்கே உட்கார்ந்து பேசியது இதுதான் முதல்முறை.

உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடி வேர்த்தது. மின்விசிறி போடக் கூடாது, கிரீஸில் தூசி ஒட்டும். ஜன்னல் திறக்கக் கூடாது, அதே காரணம். ஆறு பெண்கள் ஒரு நீண்ட மேசையில். சுவரில் உயரமாக ஒரு ஓட்டை, அதில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

மூத்தவர் சகாயமேரி அக்கா. "வாங்க மேல்மாடி சார். வழி தெரியாம வந்துட்டீங்களா?"

"கம்ப்ளெய்ன்ட்க்கா. கீ மேல எழும்பலயாம்."

அவர் ஒன்றை மடியில் வைத்துத் தட்டினார். எல்லா விசையும் விரலோடு விரலாக எழும்பி வந்தது. திருவான்மியூர்க்காரருடையதையும் தட்டினார். அதுவும் அப்படியே.

"எந்த மகராசன் இத எழும்பலன்னது? தவள மாதிரி குதிக்குது பாரு."

நானும் தட்டினேன். குதித்தது. எல்லாவற்றையும் சோதித்து, 'குறை இல்லை' என்ற சீட்டோடு திருப்பி அனுப்பினோம்.

மே 6, செவ்வாய்

திருவான்மியூர்க்காரர் மறுபடி அழைத்தார். ப்ரோ என்று கூப்பிடவில்லை.

"நான் என்ன லூசா? பெட்டியப் பிரிச்சு வெச்சேன், ஒரு மணி நேரம் ஒழுங்கா இருந்துச்சு, அப்புறம் பழைய மாதிரியே ஆயிடுச்சு. குறை இல்லன்னு சீட்டு வெச்சு அனுப்புறீங்க. குறை எனக்குன்றீங்களா?"

டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் நோயாளி மாதிரி, இந்தக் கீபோர்டுகள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் வந்ததும் குணமாகிவிடுகின்றன.

மாலை ஹரி கூட்டம் போட்டார். நாற்காலியில் உட்காராமல் மேசை மேல் உட்காருவார்.

"கைஸ், நான் யாரையும் குறை சொல்லல. ஆனா கையால பண்ற வேலைன்னா ஆளுக்கு ஆள் மாறும். புகார் எல்லாம் ஏப்ரல் ரெண்டாவது வாரத்துக்கு அப்புறம் செஞ்ச மெல்லினம். அந்த வாரத்துல கீழ ஏதோ அசால்ட்டு வந்துருக்கு. அவங்க காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. ஜூன்லேர்ந்து கிரீஸ் பூசுனதையே வெளிலேர்ந்து வாங்கிடலாம். ஞானவேல், கஸ்டமருக்கு ஒரு மெயில் டிராஃப்ட் பண்ணிடு. அழகா எழுதுவ இல்ல."

'ஒப்பந்தப் பணியாளர்களின் கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னார். நான் சண்டை போட்டேன். கடைசியில் 'கைவினை நிலையில் ஏற்பட்ட சீரின்மை' என்று மாற்ற ஒப்புக்கொண்டார். ஆறு பேரின் வேலை போகிறது, நான் ஒரு சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன்.

மே 7, புதன்

கீழே தகவல் போய்விட்டது. டீக்கடையில் சகாயமேரி அக்காவைப் பார்த்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். பன்னை டீயில் நனைத்துக்கொண்டே, "நாங்க என்ன தம்பி மாத்திப் பண்ணோம்? அதே தூரிகை, அதே கை" என்றார். கிரீஸ் பூசியது கண்ணுக்குப் பளபளவென்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் இன்னொரு தடவை பூச வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட முறை. "அதான் பண்றோம். இப்பல்லாம் பூசுனதே தெரிய மாட்டேங்குது, தண்ணி மாதிரி ஓடுது. ரெண்டு வாட்டி பூசுறோம். வேலைய ஜாஸ்தியாதான் பண்ணியிருக்கோம்."

முன்பு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பத்து வருடம் நின்று வேலை செய்தவர். முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது. இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "உக்காந்து பண்ற வேலை இந்த எஸ்டேட்லயே எனக்குக் கெடச்சது இது ஒண்ணுதான். வேற எங்க போனாலும் நிக்க வெப்பான்."

இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடப்போவதில்லை.

மே 8, வியாழன்

கத்திரி வெயில். மதியம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான். ஏசி நின்று ஒரு மணி நேரத்தில் எல்லோரும் விசிறிக்கு அட்டை தேடினார்கள்.

திருவான்மியூர்க்காரருடையது மறுபடி திரும்பி வந்து காலையிலிருந்து என் மேசையில் கிடந்தது. காலையில் தட்டியபோது விசைகள் சேற்றில் கால் வைத்தது போல் எழும்பின. இப்போது வியர்வையோடு தட்டினேன். தவளை.

மின்சாரம் வந்தது. ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மாலைக்குள் சேறு.

"என்னடா கீபோர்டையே மொறைச்சிட்டிருக்க?" என்றாள் நஸ்ரீன். சொன்னேன். தானும் ஒரு விசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தேங்காண்ணெய்" என்றாள். "மார்கழில எங்க வீட்டு பாட்டில்ல கெட்டியாயிடும். வெயில்ல வெச்சா ஓடும். அதேதான்."

அதேதான். புழுக்கத்தில் கிரீஸ் தண்ணீராக ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, இரண்டு தடவை பூசுகிறார்கள். குளிர்ந்த அறையில் அது உறைந்து தண்டைப் பிடித்துக்கொள்கிறது.

மே 9, வெள்ளி

காலை முழுவதும் மெல்லினம் வாங்கியவர்களுக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்டேன். உங்கள் வீட்டில் ஏசி இருக்கிறதா?

புகார் சொன்னவர்கள் எல்லோர் வீட்டிலும் இருந்தது. புகார் சொல்லாதவர்கள் சந்தேகப்பட்டார்கள். தாம்பரத்தில் ஒருவர், "ஏசி இல்லன்னா என்ன இப்போ? வாரண்டி கெடையாதா?" என்று சண்டைக்கு வந்தார். வாலாஜாபாத்தில் ஒரு பத்திர எழுத்தர், கடையில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்தது. "அருமையா இருக்கு தம்பி. தட்டுறதே தெரியல. இன்னொண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

ஏசி இல்லாதவனுக்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் பொருள் ஒன்று இந்த நாட்டில் தயாராகியிருக்கிறது. அதைக் குறைபாடு என்கிறார்கள்.

மதியம் கீழே போய்ச் சொன்னேன். அக்காவின் முகம் மலர்ந்தது. மற்ற பெண்களைப் பார்த்து, "நம்ம கை மேல தப்பு இல்லடி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, செய்தித்தாள் அடைத்த ஓட்டையைக் காட்டினார்.

"இங்க ஏசி இருந்துச்சே தம்பி. கிரீஸுக்குன்னே போட்டது. ஏப்ரல் மொத வாரம் வந்து கழட்டிட்டாங்க. மேல அவசரமாத் தேவைப்படுதாம்."

நான் அப்படியா என்றேன்.

மே 11, ஞாயிறு

ஹரிக்கு அறிக்கை எழுதினேன். மூன்று பக்கம். கிரீஸ் அறையின் வெப்பம்தான் காரணம், பெண்கள் சொன்னபடியே செய்திருக்கிறார்கள், அவர்களை நிறுத்துவது அநியாயம், கிரீஸ் அறைக்கு உடனே ஒரு ஏசி வேண்டும். கடைசிப் பத்தியில் கொஞ்சம் காரமாகவே எழுதியிருக்கிறேன்.

பழைய ஏசி இப்போது எங்கே இருக்கிறது என்பதை எழுதவில்லை. தீர்வுக்கு அது தேவையில்லாத விவரம்.

தகரம் கொதிக்கிறது. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன்.

மே 12, திங்கள்

ஹரி பாராட்டினார். "சூப்பர் ஞானவேல். இது மாதிரி ஆள்தான் வேணும்." எல்லோரையும் கூப்பிட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்தார்.

"விஷயம் இதான் கைஸ். புது ஏசி வாங்கிடலாம், அது பிரச்னை இல்ல. ஆனா இந்த ஷெட்டுக்கு வாங்குன கரண்ட் லோடு இதுக்கு மேல தாங்காது. கூடக் கேட்டு எழுதிப் போட்டா வர ஆறு மாசம் ஆகும். அதனால இருக்கறது ஒரு ஏசி. அது கீழ போனா அவங்கள வெச்சு மெல்லினம் பண்ணலாம். இங்கயே இருந்தா வெளிலேர்ந்து வாங்கறோம். நான் முடிவு பண்ண மாட்டேன். நீங்க போராடி வாங்குன ஏசி. நீங்களே ஓட்டுப் போடுங்க. புதன்கிழமை நம்ம ஆபீஸ் குரூப்ல ஓட்டெடுப்பு வரும், யார் எதுக்குப் போட்டாங்கன்னு தெரியாது."

மேசையிலிருந்து குதித்து இறங்கி, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அறையின் ஏசி தனி. அதை யாரும் கேட்கவில்லை. நானும்.

மே 13, செவ்வாய்

நஸ்ரீன் குரூப்பில் எழுதினாள்: 'அவங்க ஆறு பேரும் நம்ம ரூம்லயே வந்து உக்காந்து வேலை பண்ணட்டுமே. இடம் இருக்கு.'

பிறகு ஒருத்தி, கிரீஸ் வாடை தலை வலிக்கும் என்றாள். ஒருவன், போனில் பேசும்போது சத்தம் கேட்கும் என்றான். இன்னொருவன், மதியம் கருவாட்டு வாடை வருமே என்று எழுதிச் சிரிக்கும் முகம் போட்டான். அதற்கு நான்கு பேர் சிரித்திருந்தார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நீளமாக ஒரு பதில் அடித்தேன். இந்த மனநிலைக்கு என்ன பெயர் என்று தெரியுமா என்று தொடங்கினேன். அனுப்பப் போகும்போது ஒரு அழைப்பு வந்துவிட்டது. பிறகு பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

மே 14, புதன்

நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை. தலைவலி. ஆபீஸ் வந்து உட்கார்ந்ததும்தான் தெளிந்தது.

பதினோரு மணிக்கு வாக்கெடுப்பு. ஏசி இங்கேயே இருக்கட்டும்: ஏழு. கீழே கொடுக்கலாம்: ஒன்று.

வாக்கு ரகசியமானது. அதனால் இங்கேயும் எழுதவில்லை.

டீ குடிக்கப் போகும்போது நஸ்ரீன் என் பக்கம் வந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "நான் இங்கயேன்னுதான்டா போட்டேன். வீட்ல கைக்கொழந்த ராத்திரி பூரா அழுவுது. இங்க வந்தாத்தான் கொஞ்சம் மூச்சு விடறேன். அந்த ஒரு ஓட்டு நீதானேன்னு எனக்குத் தெரியும். நீயாவது போட்டியே."

டீ நன்றாக இல்லை. பால் திரிந்திருந்தது போலிருக்கிறது.

மே 15, வியாழன்

கைகழுவும் இடத்தில் கோகுல் நின்றிருந்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "யார்கிட்டயும் சொல்லாத. நேத்து கீழ குடுக்கலாம்னு போட்டது நான். ஹரி தப்பா எடுத்துப்பாரா?"

"தெரியாதுடா."

"எங்கம்மாவும் இப்படித்தான் பாக்கிங் வேலைக்குப் போனாங்க. அதான்."

சோப்பு தீர்ந்திருந்தது. ஹவுஸ்கீப்பிங்கில் சொல்ல வேண்டும்.

மே 19, திங்கள்

வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போனது. 'கைவினை நிலையில் ஏற்பட்ட சீரின்மை.' ஹரி என் சொல்லை அப்படியே விட்டிருக்கிறார்.

மே 25, ஞாயிறு

துணி துவைக்கவில்லை.

மே 30, வெள்ளி

நாளை சனிக்கிழமை விடுமுறை என்பதால் அவர்களுக்கு இன்றே கடைசி நாள். மாலை சகாயமேரி அக்கா மாடிப்படியை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து ஏறி எங்கள் அறைக்கு வந்தார். முதல்முறையாக. வாசலில் செருப்பைக் கழற்றினார். வேண்டாம்க்கா என்றதற்கு, "பரவால்ல, ஏசி ரூம்தானே" என்றார். பிறகு நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார்.

"என் மாதாவ எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஒட்னது நான்தான். நாற்காலி மேல ஏற முட்டி விடாது. நீ கொஞ்சம் எடுத்துக் குடேன் தம்பி."

நாற்காலி போட்டு ஏறினேன். நகத்தால் கீறினேன். காற்று நேராக முகத்தில் அடித்தது. ஸ்டிக்கர் நன்றாக ஒட்டிப் போயிருந்தது. ஓரம் மட்டும் கிழிந்து நகத்தோடு வந்தது.

"விடு தம்பி, கிழியப் போவுது. இங்கயே இருக்கட்டும். உங்களுக்கும் ஒரு தொணை." ஏசியின் எண்ணைப் பார்த்தார். "பதினெட்டா? அம்மாடி. நாங்க இருபத்தஞ்சுல வெப்போம். அதுக்கும் கீழ போனா எனக்கு முட்டி வலிக்கும்."

நான் இறங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் கிரீஸ் வழுவழுப்பு இன்னும் இருந்தது.

"ஓட்டெல்லாம் போட்டீங்களாமே. நஸ்ரீன் பாப்பா சொல்லிச்சு, நீ ஒருத்தன்தான் எங்களுக்குப் போட்டியாம். நல்லா இருப்ப." பிறகு சிரித்தார். "எங்களையும் ஓட்டுப் போட விட்டுருந்தா, ஆறும் ஒண்ணும் ஏழு. ஏழுக்கு ஏழு. அந்தாண்ட ஒருத்தர் மனசு மாறியிருந்தா போதும், ஜெயிச்சிருப்போம்."

கோகுல் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

"ஆமாக்கா" என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் படி இறங்கி முடிக்கும் சத்தம் கேட்கும்வரை நாற்காலியை அதன் இடத்தில் போடவில்லை.

ஜூன் 9, திங்கள்

வெளியிலிருந்து வாங்கிய மெல்லினத்துக்கு முதல் புகார். பழைய திருவான்மியூர்க்காரரேதான், மாற்றிக் கொடுத்திருந்தோம். இப்போது விசை வேகமாக எழும்புகிறதாம். ஆனால் மணலை அரைப்பது போல் இருக்கிறதாம். "பழசே தேவல ப்ரோ" என்றார். மறுபடி ப்ரோ.

பெட்டியில் 'கையால் பூசப்பட்டது' என்ற வரி அப்படியே இருக்கிறது. புதிய பெட்டி அச்சடிக்கும்வரை ஓடட்டும் என்று ஹரி சொல்லிவிட்டார். எதிர்த்து ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன்.

காலையில் வந்ததும் ஏசியை இருபத்தைந்தில் வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதியத்துக்கு மேல் நானே பதினெட்டுக்கு மாற்றினேன்.